'மற்றும்' போய் 'அல்லது' வந்த வருஷம்

வேலைக்கு எழுதிக் கொடுக்கும் படிவத்தில் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் முடிந்ததும் கீழே ஒரு கட்டம் வரும். 'ஸ்டாண்டிங் அரியர்ஸ்: உண்டு / இல்லை.' பாஸ் பண்ணாமல் நிற்கும் பேப்பர் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். 2016 ஜூனில் அந்தக் கட்டத்துக்கு நேராகப் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நான் உட்கார்ந்திருந்த நேரத்தையெல்லாம் கூட்டினால், ஒரு பேப்பரை எழுதிப் பாஸே பண்ணியிருக்கலாம்.

பாலிடெக்னிக்கில் டிப்ளமோ மெக்கானிக்கல். மூன்று வருஷம் முடிந்தபோது கையில் மூன்று அரியர். இன்ஜினியரிங் மேத்ஸ் 2, ஹீட் பவர், டிசைன் ஆஃப் மெஷின் எலிமென்ட்ஸ். மேத்ஸ் முதல் வருஷத்திலிருந்தே கூட வந்த பழைய கப்பு. ஏன் விழுந்தது என்பதற்கு வீட்டு நிலைமை, உடம்பு சரியில்லை என்று சொல்ல ஒன்றும் இல்லை. படிக்கவில்லை, அவ்வளவுதான். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்தவர்கள் 'ஆல் கிளியர் மட்டும் உள்ளே இருங்க' என்றதும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்ற கூட்டத்தில் நானும் ஒருத்தி.

அப்ரென்டிஸாகவாவது போகலாம் என்றால் அதற்கும் டிப்ளமோ பாஸாகியிருக்க வேண்டும். அப்போது டிப்ளமோ அப்ரென்டிஸுக்கு மாதம் 3,542 ரூபாய். அதற்கும் வழியில்லை.

எங்கள் ஊர் கோவில்பட்டி. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை. நானும் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவேனோ என்ற பயம் அம்மாவுக்கு. என் பயம் வேறு. மெக்கானிக்கல் படித்த பெண் பிள்ளை ஊரில் இருந்தால் கல்யாணப் பேச்சுதான் வேகமாக ஓடும். கோயம்புத்தூரில் ஒரு தோழி விடுதியில் தங்கியிருந்தாள். நாகர்கோவிலிலிருந்து வருகிற ராத்திரி ரயிலில் ஏறிவிட்டேன்.

அங்கே முதல் வாரம் ஒரு கன்சல்டன்சிக்காரர் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு கம்பெனிக்கு அனுப்பினார். அந்தக் கட்டத்தில் 'ரிசல்ட் வர வேண்டும்' என்று எழுதினேன். அது முழுப் பொய் இல்லை, என்றைக்காவது வரத்தானே வேண்டும். மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்த மனிதர் ஒன்றும் சொல்லவில்லை. ஃபைலை மூடி, என் பக்கமாக மேஜைமேல் தள்ளினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதற்குப் பிறகு கணபதி பக்கம் தெருத்தெருவாக நடந்தேன். கோயம்புத்தூரைத் தெரியாதவர்களுக்கு: கணபதி, ஆவாரம்பாளையம் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு லேத் பட்டறை இருக்கும். பம்பு, மோட்டார் பண்ணுகிற கம்பெனிகள் காஸ்டிங்கையும் ராடையும் இவர்களிடம் கொடுத்துக் கடைந்து வாங்கிக்கொள்ளும். ஜாப் ஆர்டர் என்பார்கள். கேட்டில் அட்டை தொங்கும்: 'ஆப்பரேட்டர் தேவை, ஹெல்பர் தேவை.' எந்த அட்டையிலும் 'ஆல் கிளியர்' என்று எழுதியிருக்கவில்லை. எனக்கு அது போதும்.

நான் நுழைந்த பட்டறையில் மூன்று சி.என்.சி. (கம்ப்யூட்டர் சொல்படி கடையும் மெஷின்), இரண்டு பழைய லேத், ஒரு டிரில்லிங் மெஷின், மேலே ஆஸ்பெஸ்டாஸ். மொத்தம் ஒன்பது பேர். முதலாளி நாற்பது வருஷம் முன்னால் டர்னராக ஆரம்பித்தவர். எங்கள் ஊர்ப் பழக்கத்தில், "வணக்கம் அண்ணாச்சி, வேலை இருக்கா?" என்றேன்.

"அண்ணாச்சியா? நான் என்ன மளிகைக் கடையா வெச்சிருக்கறன்?" என்று சிரித்தார். பட்டறையே சிரித்தது. பிறகு ஒரு பித்தளை புஷ்ஷையும் (நடுவில் துளையுள்ள உருளைத் துண்டு) வெர்னியரையும் கையில் கொடுத்தார். "வெளி விட்டம் சொல்லுங்க அம்மிணி."

அளந்தேன். 32.46 மில்லிமீட்டர்.

"இன்னொருக்கா பாருங்க."

மறுபடியும் 32.46. தைரியமாகவே சொன்னேன். அவர் வெர்னியரை வாங்கி, நடுவில் ஒன்றும் வைக்காமல் தாடையை மூடிக் காட்டினார். பூஜ்யமும் பூஜ்யமும் சேரவில்லை. மூன்றாவது கோடு சேர்ந்து நின்றது. லீஸ்ட் கவுன்ட், அதாவது ஒரு கோட்டுக்கு, 0.02. மூன்று கோட்டுக்கு 0.06. புஷ்ஷின் உண்மையான அளவு 32.40.

"வெர்னியரே பொய் சொல்லுது. அதைக் கேக்காம நீங்க அளந்துட்டீங்க."

ஜீரோ எரர். முதல் வருஷம் லேபில் முதல் பரிசோதனை. ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதி, பென்சிலில் கோடு போட்டுக் கையெழுத்து வாங்கியது. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது பின்னாலிருந்து கேட்டார். "பர் எடுக்க ஆள் வேணும். படிச்ச புள்ள, வருவீங்களா? ஒரு நாளைக்கு 230 ரூவா."

சரி என்றேன். என் இன்ஜினியரிங் வாழ்க்கை அரத்தோடு ஆரம்பித்தது இப்படித்தான்.

பர் என்றால் தெரியாதவர்களுக்கு: இரும்பைக் கடையும்போதும் துளை போடும்போதும் ஓரத்தில் மெல்லிசாக ஒரு பிசிறு நிற்கும். பிளேடு மாதிரி இருக்கும். அதை அரத்தாலும் எமரியாலும் எடுக்க வேண்டும். வெளி ஓரம் சுலபம். குறுக்குத் துளை உள் துளையைச் சந்திக்கிற இடம்தான் எமன். கண்ணுக்குத் தெரியாது. விரலை உள்ளே விட்டு நகத்தால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் மாதம் வலது கை மூன்று விரலிலும் கீறல். விடுதியில் சாம்பார் சாதம் பிசைந்தால் கண்ணில் தண்ணீர் வரும். தோழி ஸ்பூன் வாங்கிக் கொடுத்தாள்.

அம்மாவிடம் 'குவாலிட்டியில இருக்கேன்' என்று சொன்னேன். இதுவும் முழுப் பொய் இல்லை.

ஆனால் நூறு நூறாகப் பர் எடுத்தால் விரல் எதையோ கற்றுக்கொண்டுவிடுகிறது. காலையில் வருகிற ஜாப்பில் பர் நூல் மாதிரி இருக்கும். எழுபது, எண்பது பீஸ் தாண்டியதும் தடிக்கும், அரம் இரண்டு இழுப்பு கூடக் கேட்கும். திடீரென்று மறுபடி மெல்லிசாகும். ஏன் என்று, மெஷினைச் செட் பண்ணிக் கொடுக்கிற செட்டர் அண்ணனிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், ஆப்பரேட்டர் பையனைக் கூப்பிட்டு, "முனையை எப்போடா திருப்பின?" என்றார். விஷயம் இதுதான்: நாங்கள் போடுகிற சி.என்.எம்.ஜி. இன்சர்ட்டுக்கு (இரும்பை வெட்டுகிற சின்னத் துண்டு) நான்கு முனை. ஒரு முனை மழுங்கினால் அடுத்ததுக்குத் திருப்ப வேண்டும். பையன் முனையை மிச்சம் பிடிக்கிறேன் என்று மழுங்கிய பிறகும் ஓட்டியிருக்கிறான். மழுங்கிய முனை வெட்டாது, பிதுக்கும். பர் தடிக்கும், அளவும் நகரும்.

அன்றைக்குச் சாயங்காலம் செட்டர் அண்ணன் தன்னுடைய மைக்ரோமீட்டரைக் கொடுத்து, "பத்து பீஸுக்கு ஒண்ணு அளந்து எழுதி வைம்மா" என்றார். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தேதி, மணி, எத்தனையாவது பீஸ், அளவு. முதலில் மைக்ரோமீட்டரை மூடி ஜீரோ பார்த்து, அதையும் ஒரு கட்டத்தில் எழுதினேன். ஒருமுறை பட்ட அவமானம்.

இந்தச் செட்டர் அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐ.டி.ஐ. படித்துவிட்டு மெஷினில் நின்றபடியே டிப்ளமோவும் முடித்தவர். ஏ.எம்.ஐ.இ. எழுதிக்கொண்டிருந்தார். கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட, 1920-இல் தொடங்கிய இன்ஜினியர்கள் சங்கம் நடத்தும் பரீட்சை அது. கல்லூரிக்குப் போகாமலே எழுதலாம். அதை டிகிரிக்குச் சமமாக மத்திய அரசு ஏற்றது 2013 மே 31 வரை சேர்ந்தவர்களுக்குத்தான். இவர் அதற்கு முந்தியே சேர்ந்துவிட்டார். 'கடைசி பஸ்ஸில் ஏறிட்டேன், சீட்டுதான் கிடைக்கல' என்பார். செக்ஷன் ஏ முடித்து, பி-யில் பேப்பர்கள் பாக்கி. டீ டைமில் எல்லோரும் வடையோடு இருக்க, இவர் கூலன்ட் (கடையும்போது சூடு தணிக்க ஊற்றுகிற தண்ணீர்) படிந்த புத்தகத்தோடு இருப்பார். என் மேத்ஸ் 2-ஐப் பிடித்து இழுத்து மேலே கொண்டுவந்தது அவர்தான்.

அந்த நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் நோட்டு செல்லாது என்று ஆனது. சம்பளத்தைப் பழைய நோட்டில் கொடுத்தார்கள், வரிசையில் நின்றேன். எல்லோருக்கும் ஒரு கதை இருக்கும், விடுங்கள். எங்களை உண்மையாக அடித்தது அடுத்த ஜூலையில் வந்த ஜி.எஸ்.டி. கடைந்து கொடுக்கிற கூலிக்கும் 18 சதவீதம். சின்னப் பட்டறைகளுக்கு அது கழுத்தில் கல். (2019 அக்டோபரில்தான் 12 ஆகக் குறைந்தது.) பார்ட்டிகள் ஆர்டரைக் குறைத்தார்கள், வாரத்தில் மூன்று நாள்தான் மெஷின் ஓடியது. சம்பளம் பாதி. மீதி மூன்று நாள் விடுதி மொட்டை மாடியில் படித்தேன். 2017 அக்டோபர் பரீட்சையில் மேத்ஸ் பாஸ். 2018 ஏப்ரலில் ஹீட் பவர் பாஸ். நாடு நஷ்டப்பட்ட வருஷத்தில் நான் இரண்டு பேப்பர் லாபம். முதலாளியிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

இடையில், 2018 தொடக்கத்தில், பம்பு ஷாஃப்ட் பிரச்சினை வந்தது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

6205 பேரிங் உட்காரும் ஷாஃப்ட். விட்டம் 25, டாலரன்ஸ் கே 6. அதாவது 25.002-லிருந்து 25.015 வரைக்கும் இருக்கலாம். பதின்மூன்று மைக்ரான் வீதி, அதற்குள் வண்டி ஓட்ட வேண்டும். (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) இருநூறு ஷாஃப்ட் அனுப்பினோம். பார்ட்டி அறுபத்து மூன்றைத் திருப்பி அனுப்பினார். அளவு குறைவு, பேரிங் லூஸ். என் நோட்டில் அத்தனையும் ஓ.கே. முதலாளி நோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, "ஏனுங் அம்மிணி, இது என்னங்?" என்றார். கோபத்தைவிட 'இந்தப் புள்ளையை நம்பினேனே' என்பதுதான் அந்தக் குரலில் இருந்தது.

திரும்பி வந்த ஷாஃப்ட்டை அளந்தேன். 25.000. நோட்டில் அந்த நேரத்துப் பீஸ்கள் 25.005, 25.006. ஜீரோ கட்டத்தைப் பார்த்தேன், சரி. பிறகு மணியைப் பார்த்தேன். குறைந்ததெல்லாம் மத்தியானம் ஓடியவை. அந்த வாரம் இரண்டாம் நம்பர் மெஷினில் கூலன்ட் மோட்டார் மக்கர் பண்ணியது. தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது. ஜாப் கை சுடும். சுடச்சுட எடுத்து அளந்திருக்கிறேன்.

இரும்பு சூட்டில் நீளும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். தண்டவாளத்தில் இடைவெளி விடுவார்களே. ஆனால் 25 மில்லிமீட்டருக்குள் அது எவ்வளவு என்று நான் யோசித்ததே இல்லை. டெலிவரி சலான் பின்பக்கத்தில் போட்டேன். ஆல்ஃபா, டி, எல். மூன்று மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்தது. 25 பெருக்கல் 0.0000115 பெருக்கல் 20 டிகிரி. விடை 0.00575. கிட்டத்தட்ட ஆறு மைக்ரான். பதின்மூன்றில் பாதியைச் சூடே தின்றுவிட்டது.

முதலாளிக்குக் கணக்கைக் காட்டினால் நம்ப மாட்டார். கூலன்ட் பைப்பை மூடச் சொல்லி ஒரு ஷாஃப்ட் ஓட்டி, சூடாக அவர் கையாலேயே அளக்க வைத்தேன். 25.008. அதை சர்ஃபேஸ் பிளேட்மேல் வைத்தோம். அவர் சாப்பிடப் போய் வந்தார். மறுபடி அளந்தார். 25.003. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் அளந்தார்.

"நாப்பது வருசமா சுட்டாக் கொஞ்சம் ஆறட்டும்னு சொல்லீட்டுத்தான் இருக்கறன். எத்தனை மைக்ரான்னு ஒருத்தனும் சொன்னதில்லைங்."

அன்றைக்கே கூலன்ட் மோட்டார் மாறியது. அடுத்த மாதத்திலிருந்து என் சம்பளம் நாள் கூலியிலிருந்து மாதச் சம்பளமானது, ஒன்பதாயிரம். பர் எடுக்க வேறொரு அக்கா வந்தார்.

இங்கேயே கதை முடிந்தால் நன்றாக இருக்கும். சர்டிபிகேட் எதற்கு, திறமை இருந்தால் போதும் என்று கைதட்டிவிட்டுப் போகலாம். அப்படி நடக்கவில்லை. தரப் பரிசோதனை அறிக்கையில் கடைசியாக 'இன்ஸ்பெக்டட் பை' என்று ஒரு இடம் உண்டு. அங்கே என் பெயர் போகவில்லை. முதலாளியின் தங்கை மகன் டிப்ளமோ பாஸ், பில் போடுகிறவர். அவர் பெயர் போனது. நான் அளப்பேன், நான் எழுதுவேன், சாயங்காலம் அவர் கையெழுத்துப் போடுவார். எட்டு மாதம். அவருக்கே கூச்சமாக இருந்தது, பாவம். 'இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க, யாராவது கேட்டா முழிப்பேன்' என்பார்.

2018 ஆகஸ்டில் தர நிர்வாகச் சான்றிதழான ஐ.எஸ்.ஓ. 9001-க்கு ஆடிட். பழைய 2008 பதிப்பின் சான்றிதழ்கள் அந்தச் செப்டம்பரோடு செல்லாது, 2015 பதிப்புக்கு மாறியாக வேண்டும். பேப்பர் தயார் பண்ண ஒரு கன்சல்டன்ட் வந்தார். ஆள் பட்டியலில் என்னைப் பார்த்துவிட்டு, "அரியர் இருக்கிற பொண்ணை இன்ஸ்பெக்டர்னு போட முடியாது. படிப்பு, பயிற்சி, திறன் மற்றும் அனுபவம், எல்லாம் வேணும்னு ஸ்டாண்டர்டே சொல்லுது" என்றார். முதலாளி என்னைப் பார்க்காமல் தலையாட்டினார்.

புதுப் பதிப்பின் பிரதி மேஜைமேல்தான் கிடந்தது. ராத்திரி ஷிஃப்ட் தொடங்குகிற நேரத்தில் அதை எடுத்துப் படித்தேன். பிரிவு 7.2. கல்வி, பயிற்சி அல்லது அனுபவத்தின் அடிப்படையில் தகுதி உடையவராக இருக்க வேண்டும். அல்லது. இரண்டு தடவை படித்தேன். பழைய பதிப்பை எடுத்துப் பார்த்தேன். அதில் 6.2.1-இல் அவர் சொன்னது போலவே 'மற்றும்'. அவர் பொய் சொல்லவில்லை. வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகியதைச் சொல்லியிருக்கிறார். நடுவில் வார்த்தை மாறிவிட்டது, அவர் நாக்கு மாறவில்லை.

மறுநாள் இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் நல்ல மனிதர், படித்துவிட்டு, "சரி, ஆனா தகுதிக்கு ஆதாரம் பதிவாக இருக்கணும், அதுவும் இதே பிரிவுல இருக்கு" என்றார். நோட்டுகளைக் கொண்டுவந்து வைத்தேன். ஏழு நோட்டு. அது போதாது என்று ஒரு சோதனையும் வைத்தார். பத்து பீஸ், மூன்று பேர், ஆளுக்கு மூன்று தடவை. பீஸ் நம்பர் அடிப்பக்கத்தில், அளக்கிறவருக்குத் தெரியாது. நான், ஆப்பரேட்டர் பையன், தங்கை மகன். தொண்ணூறு அளவு. ஒரே பீஸைத் திரும்பத் திரும்ப அளந்தபோது என் அளவுகள்தான் மிகக் குறைவாக அலைந்தன. தங்கை மகன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஆடிட்டர் வந்தார், நோட்டைப் புரட்டினார், ஜீரோ கட்டத்தில் விரலை வைத்து 'இது என்ன' என்று கேட்டார், சொன்னேன், அடுத்த அலமாரிக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். அன்றையிலிருந்து 'இன்ஸ்பெக்டட் பை' என் கையெழுத்து.

அக்டோபரில் டிசைன் பேப்பர் எழுதினேன். ஷாஃப்ட், பேரிங், கீ. டேட்டா புக்கைத் திறந்தால் கே 6 அட்டவணை, பழைய அயல்வீட்டுக்காரர் மாதிரி. பாஸ். (2020-இல் ஃபீஸ் கட்டிய அரியர் மாணவர்களெல்லாம் பாஸ் என்று முதல்வர் அறிவித்து, ஊரெல்லாம் பேனர் வைத்துக் கொண்டாடினார்களே, அன்றைக்கு எனக்கு வந்த வயிற்றெரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.)

ஆல் கிளியர் ஆனதும் ஒரு பெரிய கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். அனுபவம் இரண்டரை வருஷம் என்று போட்டிருந்தேன். எச்.ஆர். பெண்மணி சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாஸானது இப்போதானே மேம்? அதுக்கு முந்தினது எக்ஸ்பீரியன்ஸ்ல வராது." எட்டாயிரமோ என்னவோ ஷாஃப்ட் அளந்திருப்பேன், ஒன்றும் வரவில்லை. ஃப்ரெஷர் என்று போட்டார்கள். ஃப்ரெஷர் சம்பளம். சேர்ந்தேன். வேறென்ன செய்ய? பட்டறையில் கடைசி நாள் முதலாளி ஒரு பொட்டலம் கொடுத்தார். அந்தப் பொய் வெர்னியர்.

இப்போது வேறொரு இடத்தில், குவாலிட்டி பிரிவில் ஆள் எடுக்கிற பொறுப்பும் என்னிடம். வருகிறவர்களிடம் அந்த வெர்னியரைத்தான் கொடுக்கிறேன். போன வியாழக்கிழமை பதினொரு பேர். ஒன்பது பேர் தைரியமாகத் தப்பான அளவைச் சொன்னார்கள், நான் சொன்னது போலவே. ஒரு பெண் இரண்டாவது தடவையில் பிடித்தாள். தேனி பக்கத்துப் பையன் ஒருவன் அளப்பதற்கு முன்னாலேயே தாடையை மூடி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "மேடம், வேற வெர்னியர் இருக்கா?" என்றான்.

அவன் படிவத்தில் அந்தக் கட்டத்தில் 'உண்டு' என்று இருக்கிறது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நான்கு. எங்கள் எச்.ஆரில் அதைப் பார்த்ததும் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு அனுப்பிவிட்டார்கள். ஃபைல் என் மேஜையில் கிடக்கிறது. திங்கட்கிழமை 7.2-ஐப் பிரின்ட் எடுத்துக்கொண்டு மேலே போக வேண்டும்.